கயிற்றை மாற்றினோம், புகைபோக்கியைப் பார்க்கவில்லை: ஒரு பழைய விறகடுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பழைய இரும்புச் சாமான்களைப் பழுது பார்ப்பது என் வேலை. கீழே வருவது நான் கை வைத்த ஓர் அடுப்பின் கதை. இதில் முதல் தவறு என்னுடையது. அதனால்தான் விவரமாக எழுதி வைக்கிறேன்.

வீட்டில் மூன்று பேர்: கணவன், மனைவி, மனைவியின் அப்பா. அப்பாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. வீடு வாங்கும்போதே கூடத்து மூலையில் ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு நின்றிருந்தது. அறையைச் சூடாக்க வந்த அடுப்பு அது. மேல் தகட்டில் ஒரு கெட்டில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இந்த மாதிரி அடுப்பு ஒரே வார்ப்பாக வராது. பக்கத் தகடு, பின் தகடு, மேல் தகடு என்று எல்லாம் தனித்தனி. மூலைகளில் மேலிருந்து கீழாக நீளக் கம்பிகள் போய், இரண்டு பக்கமும் நட் போட்டு மொத்தத்தையும் இழுத்துப் பிடித்திருக்கும். தகடும் தகடும் சேரும் இடத்தில் சூடு தாங்கும் ஃபர்னஸ் சிமென்ட் பூசியிருப்பார்கள். முன்னால் ஒரு கதவு, அதன் கீழே சாம்பல் தட்டுக்கு ஒரு சின்னக் கதவு. கதவு இடுக்கில்லாமல் மூட, விளிம்பைச் சுற்றிச் சூடு தாங்கும் கயிறு ஒன்று பதித்திருப்பார்கள். பின்னாலிருந்து 15 செ.மீ. விட்டத்தில் ஒரு குழாய் கிளம்பி, முழங்கையாக வளைந்து, கூரைக்கு மேலே போய்த் தொப்பி மாட்டிக்கொண்டு நிற்கும்.

வீட்டை விற்றவர்கள் மின் ஹீட்டருக்கு மாறியிருந்ததால், ஏறக்குறைய 10 ஆண்டுகள் அடுப்பு மூட்டப்படாமல் கிடந்திருக்கிறது. குளிர் தொடங்கியதும் பெரியவர்தான் ஆசைப்பட்டார். மருமகன் ஒரு நாள் சுள்ளி போட்டு மூட்டிப் பார்த்தார். பத்து நிமிடத்தில் கூடம் முழுக்கப் புகை. கதவு ஓரத்திலிருந்தும் மேல் தகட்டின் இடுக்கிலிருந்தும் வந்தது என்று சொன்னார்.

தொலைபேசியில் சொன்ன பதில்

அன்று இரவே எனக்கு அழைப்பு வந்தது. “அண்ணே, கதவைச் சுத்தி ஒரு கயிறு இருக்கே, அது கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கு. தொட்டா பொடியா உதிருது” என்றார் மருமகன்.

“சரி, அப்போ அதுதான். கயிற்றை மாத்துங்க, இடுக்கெல்லாம் சிமென்ட் வெச்சு அடைங்க” என்றேன்.

அரை நிமிடப் பேச்சு. புகைபோக்கி எப்படி இருக்கிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தது, விறகு எப்போது வெட்டியது என்று எதையும் நான் கேட்கவில்லை. பழைய அடுப்பில் கதவுக் கயிறு போய்விடுவது சாதாரணம். அவர் சொன்ன அடையாளமும் கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்துகிற பதில் கையில் இருக்கும்போது அடுத்த கேள்வி வாயில் வராது என்பது என் அனுபவம், அன்றும் வரவில்லை.

முதல் பழுது

மருமகன் கைவேலை தெரிந்தவர். ஸ்க்ரூ டிரைவரால் பழைய கயிற்றை நெம்பி எடுத்தார். பள்ளத்தில் ஒட்டியிருந்ததைக் கம்பி பிரஷால் தேய்த்து உதறினார். புதிய கிளாஸ் ஃபைபர் கயிற்றை அதற்குரிய பசை வைத்துப் பதித்தார். இடுக்குகளில் வெளியிலிருந்தே விரலால் சிமென்ட் அப்பினார். தகடுகள் லேசாக ஆடுவதாகத் தோன்றியதால் நீளக் கம்பிகளின் நட்டுகளை ஸ்பேனர் போட்டு நன்றாக முறுக்கினார். கடைசியாகச் சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட்.

காகிதச் சோதனையும் செய்திருக்கிறார். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே வைத்து மூடி, இழுத்துப் பார்ப்பது. எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கயிறு சரியில்லை. இவருக்குக் காகிதம் எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் பிடித்தது. படம் எடுத்து எனக்கு அனுப்பினார். “அருமை” என்று பதில் போட்டேன்.

மூன்றாவது மாலை

முதல் இரண்டு மாலைகளில் புகை இல்லை. மூன்றாவது மாலை, நெருப்பு அடங்கித் தணலான பிறகு, காலை வரை தணல் நிற்கட்டும் என்று காற்றுத் திறப்பை ஏறக்குறைய முழுவதும் மூடிவிட்டு மருமகன் மாடிக்குப் போனார். பெரியவர் அடுப்புப் பக்கத்துச் சாய்வு நாற்காலியில் இருந்தார். சமையலறையில் வேலை நடந்துகொண்டிருந்தது. புகை வெளியேற்றும் விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்தில் பெரியவருக்குத் தலை கனத்தது, குமட்டியது. மகள் வீட்டிலிருந்த ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியை விரலில் மாட்டிப் பார்த்தார். 98 காட்டியது. “ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டார். பெரியவர் காற்று வாங்கத் திண்ணைக்குப் போனார். கால் மணி நேரத்தில் தேவலை என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார், மறுபடியும் தலைவலி. அப்போதுதான் மகளுக்குத் தன் தலையும் வலித்துக்கொண்டிருப்பது உறைத்திருக்கிறது. உள்ளே வலி, வெளியே போனால் சரி, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில். அவர் அதைச் சேர்த்துப் பார்த்ததுதான் அந்த வீட்டைக் காப்பாற்றியது. சன்னல்களைத் திறந்து போட்டு, மாடியில் இருந்தவரையும் கூப்பிட்டுக்கொண்டு எல்லோரும் வெளியே வந்து, நேராக மருத்துவமனைக்குப் போனார்கள்.

இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருப்பதைப் பரிசோதனை காட்டியது. பெரியவருக்கு முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தார்கள். சாதாரணக் காற்றில் இரத்தத்திலுள்ள அந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் பிடிக்கும். முழு ஆக்சிஜனில் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும். மறுநாள் வீடு திரும்பிவிட்டார்.

அந்த 98ஐப் பற்றி ஒரு வார்த்தை. விரலில் மாட்டும் சாதாரணக் கருவி, ஒளியை வைத்து இரத்தத்தின் நிறத்தைத்தான் கணக்குப் பார்க்கிறது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தமும் அதற்கு ஆக்சிஜன் ஏறிய இரத்தம் மாதிரியே தெரியும். இந்த விஷயத்தில் அந்த எண்ணை நம்பவே கூடாது. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

நேரில் போய்ப் பார்த்தவை

அடுத்த நாள் போனேன். அடுப்பு ஆறியிருந்தது. புதுப் பெயின்டில் பளபளவென்று இருந்தது.

முதலில் செய்தது, முழங்கை வளைவின் அடியிலுள்ள சுத்தம் செய்யும் மூடியைக் கழற்றி, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்த்துப் பிடித்ததுதான். பகல் 11 மணி, நல்ல வெயில். குழாய் ஒழுங்காக இருந்தால் கண்ணாடியில் ஒரு வட்டம் வெளிச்சம் தெரியவேண்டும். ஒன்றுமே தெரியவில்லை. கறுப்பு. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, மேலே ஓர் ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெளிச்சக் கீற்று மட்டும் இருந்தது. மருமகனிடம் கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவர் எதுவும் பேசவில்லை. நானும்தான்.

கூரை மேல் ஏறிப் பார்த்ததில், தொப்பியைச் சுற்றிப் பறவை நுழையாமல் கட்டிய கம்பி வலை, கண்ணுக்குக் கண் கருந்தார் படிந்து அடைத்திருந்தது. அதன் ஓர் இடத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக ஏதோ பறவை உள்ளே போய்க் குச்சியும் நாருமாகக் கூடு கட்டிவிட்டுப் போயிருந்தது. கூடு காய்ந்து, பாதி சரிந்து, குழாயின் மேல் பகுதியில் சிக்கியிருந்தது. கீழே முழங்கையில் ஒரு வாளி நிறையப் புகைக்கரி. குழாயின் உட்சுவரில் சுற்றிலும் 1 செ.மீ. கனத்துக்கு அடை. 15 செ.மீ. குழாயில் 1 செ.மீ. அடை என்றால் அற்பம்போலத் தோன்றும். விட்டம் 13 ஆகிவிடும். வழியின் பரப்பில் கால் பங்கு போய்விடும். அதற்கு மேல்தான் கூடும் வலையும்.

குழாயின் ஓர் இணைப்பு தலைகீழாக இருந்தது. அடுப்புக்கு மேலே நிற்கும் குழாயில், மேல் துண்டின் ஒடுங்கிய முனை கீழ்த் துண்டுக்குள் இறங்கவேண்டும். அப்போதுதான் உள்ளே வழியும் தார் உள்ளேயே வழியும். இங்கே நடுவில் ஒரு துண்டை மாற்றி மாட்டியிருந்தார்கள். குழாயின் வெளிப்பக்கத்தில் பழுப்பு நிறத்தில் கோடு கோடாக ஒழுகிக் காய்ந்த தடம்.

அப்புறம் ஊதுபத்தி. அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து, விளிம்பில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை நேராக மேலே போனது. உள்ளே சாயவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. சமையலறை விசிறியைப் போடச் சொன்னேன். இரண்டு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தப் புகை இழை மெதுவாக வளைந்து, அடுப்புக்குள்ளிருந்து வரும் பழங்கரி வாசனையோடு என் முகத்துக்கு நேராகத் திரும்பியது. சன்னல் எல்லாம் சாத்திய வீடு. விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். கிடைத்த வழி புகைபோக்கி.

கடைசியாக விறகு. அடுக்கிலிருந்து நான்கு கட்டைகளை எடுத்துப் பிளந்து, பிளந்த உட்பக்கத்தில் ஈரமானியைக் குத்தினேன். பட்டை மேல் வைத்துப் பார்த்தால் பொய் சொல்லும். 31, 34, 33, 33 சதவீதம். எரிக்கத் தகுந்த விறகுக்கு 20க்குக் கீழே இருக்கவேண்டும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்த விறகு கணீரென்று கேட்கும். இவை தொப் என்றன.

புகை ஏன் நின்றது, விஷம் ஏன் வந்தது

மருமகன் திரும்பத் திரும்பக் கேட்டது இதைத்தான்: “புகையே வரலையே அண்ணே, அப்புறம் எப்படி?”

அடுப்பு ஒரு பாதி, புகைபோக்கி மறுபாதி. இழுக்கும் வேலையைச் செய்வது புகைபோக்கிதான். உள்ளே இருக்கும் சூடான காற்று இலேசாகி மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்ப அடுப்பின் காற்றுத் துவாரம் வழியாகப் புதுக் காற்று உள்ளே வரும். இழுவை நன்றாக இருந்தால் கதவில் சிறு இடுக்கு இருந்தாலும் அதன் வழியாகக் காற்று உள்ளேதான் போகும். புகை வெளியே வராது. ஆகவே முதல் நாள் இடுக்குகளில் புகை கசிந்ததற்கு இடுக்கு காரணமில்லை. மேலே வழி அடைத்திருந்ததால் புகை இடுக்கைத் தேடி வந்தது. நாங்கள் அந்த அடையாளத்தை மட்டும் துடைத்துவிட்டோம்.

அடைத்த பிறகும் ஒரு துவாரம் பாக்கி இருக்கத்தானே செய்கிறது. காற்று உள்ளே போக வைத்த துவாரம். அதை முழுக்க அடைக்க முடியாது. அடைத்தால் அடுப்பு எரியாது. நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தவரை, இருந்த சின்ன வழியில் புகை எப்படியோ மேலே போய்க்கொண்டிருந்தது. தணலானதும் குழாய் ஆறியது, இழுவை செத்தது, விசிறி எதிர்ப்பக்கம் இழுத்தது. தணலோ கரி, கரி புகையாமல் எரியும், காற்றுப் போதாதபோது கார்பன் மோனாக்சைடைத் தாராளமாகக் கக்கும். கண்ணுக்குத் தெரியும் புகை நின்ற பிறகுதான் ஆபத்து கூடியது. பெரியவர் உட்கார்ந்திருந்தது அந்தத் துவாரத்துக்கு நேரே.

ஈர விறகின் பங்கு வேறு. மீட்டர் 33 காட்டினால், காய்ந்த மர எடையில் 33 சதவீதம் தண்ணீர் என்று பொருள். அதாவது 4 கிலோ விறகில் 1 கிலோ தண்ணீர். அதை ஆவியாக்க சுமார் 2.6 மெகாஜூல் வேண்டும். மீதி 3 கிலோ மரம் 54 மெகாஜூலுக்கு மேல் தரக்கூடியது. அப்படிப் பார்த்தால் இழப்பு பெரிதில்லை. இழப்பு இருப்பது வேறு இடத்தில்: விறகின் எடையில் பெரும்பகுதி முதலில் வாயுவாகப் பிரிந்து, பிறகுதான் எரிகிறது, அந்த வாயு முழுதாக எரிய 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். நீராவி நெருப்பைக் குளிர வைத்துவிடும். எரியாத வாயு குழாயில் ஏறி, 120 டிகிரிக்குக் கீழே ஆறும் இடத்தில் தாராகப் படியும். அதைத்தான் கிரியோசோட் என்கிறார்கள். வலையை அடைத்தது அதுவே. முந்தைய உரிமையாளர்களும் ஈர விறகைத்தான் எரித்திருக்கவேண்டும். மூன்று மாலையில் இவ்வளவு படியாது.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வேலை முடியும்வரை நெருப்பு வைப்பதில்லை. பெரியவருக்கு ஒரு யோசனை இருந்தது. “தம்பி, சுள்ளியா நெறையப் போட்டு ஒரு தடவை நல்லா எரிய விட்டா, உள்ள இருக்கிற கரியெல்லாம் எரிஞ்சு போயிடாதா?”

“எரியும் ஐயா. கூரையும் சேர்ந்து எரியும்” என்றேன். படிந்த தாரில் தீப்பிடித்தால் குழாய்க்குள் சூடு 1,000 டிகிரியைத் தாண்டலாம். ஒற்றைச் சுவர் இரும்புக் குழாய் அதைத் தாங்காது. அதனால் குழாய் முழுவதையும் இறக்கி, வெளியே வைத்து பிரஷால் தேய்த்தோம். பொடியும் செதிலும் வந்துவிட்டன. மேல் 1 மீட்டரில் மட்டும் கண்ணாடிபோல இறுகிய படலம்; அது பிரஷுக்கு மசியாது. அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினோம். தொப்பிக்குப் பெரிய கண் உள்ள வலை.

இரண்டாவது, கயிறு. பழைய அடுப்புகளின் கதவுக் கயிற்றில் ஆஸ்பெஸ்டாஸ் (தூசி மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார்) இருக்க வாய்ப்பு உண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மருமகன் அதை உலர்ந்த நிலையில் நெம்பி, பிரஷ் போட்டு உதறியிருந்தார் என்று கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொலைபேசியில் அதையும் நான் சொல்லவில்லையே. சாம்பல் கதவில் பழைய கயிறு அப்படியே இருந்தது. அதைத் தண்ணீர் தெளித்து நனைத்து, ஒரு சிறு துண்டை மட்டும் எடுத்து இரட்டைப் பையில் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். முடிவு வரும்வரை அடுப்பைத் தொடவில்லை. தரையைப் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று வந்தது. தப்பித்தோம், அவ்வளவுதான்.

மூன்றாவது, விரிசல். வெளியே அப்பிய சிமென்டைச் சுரண்டியபோது இடப் பக்கத் தகட்டில், போல்ட் துளையிலிருந்து தொடங்கி 11 செ.மீ. நீளத்துக்கு மயிரிழையாக ஒரு விரிசல் தெரிந்தது. உள்ளே துரு ஏறாத புது விரிசல். நீளக் கம்பிகளை இறுக்க முறுக்கியதன் பலன் என்பது என் கணிப்பு. 45 செ.மீ. தகடு 300 டிகிரி சூடேறினால் சுமார் 1.5 மி.மீ. நீளும். நீள இடம் கொடுக்காமல் கட்டிப் போட்டால் வார்ப்பிரும்பு வளையாது, விட்டுவிடும்.

இங்கேதான் அதிக நேரம் யோசித்தோம். வெல்டிங் வைக்கலாம் என்று மருமகன் சொன்னார். வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கிறது; சாதாரண ராடால் ஒட்டினால் ஒட்டின கோட்டுக்குப் பக்கத்திலேயே கண்ணாடிபோல இறுகி, ஆறும்போது டிக்கென்று அடுத்த விரிசல் விழும். தகடு முழுவதையும் முன்சூடேற்றி, நிக்கல் ராடு வைத்து, பிறகு காய்ந்த மணலில் புதைத்து ஒரு நாள் ஆறவிட்டுச் செய்யலாம். செய்பவர் கை தேர்ந்தவராக இருந்தால் நிற்கும். நான் அப்படிக் கை தேர்ந்தவன் இல்லை. இன்னொரு வழி, பழைய தகட்டையே அச்சாக வைத்துப் புதிதாக வார்ப்பது. அதில் ஒரு சிக்கல்: உருகிய இரும்பு ஆறும்போது ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். 45 செ.மீ. தகடு நாலரை மி.மீ. குட்டையாக வந்து நிற்கும், சட்டத்தில் உட்காராது. அதற்கென்று கொஞ்சம் பெரிய அச்சு செய்யவேண்டும்.

முடிவில் மிகச் சாதாரணமான வழியைத் தேர்ந்தோம். விரிசல் முடியும் முனையில் 3 மி.மீ. துளை போட்டோம். விரிசல் ஓடி வந்து துளையில் விழுந்தால் அதன் கூர்மை மழுங்கி நின்றுவிடும். உட்பக்கத்தில் விரிசலை மூடி ஓர் எஃகுப் பட்டையை, அடியில் ஃபர்னஸ் சிமென்ட் வைத்து, நாலு போல்ட்டில் பூட்டினோம். பட்டையின் துளைகளை நீள்வட்டமாக வெட்டியது, தகடும் பட்டையும் தங்கள் இஷ்டத்துக்கு நீளட்டும் என்பதற்காக. இது ஒட்டு வேலைதான். அதை அவர்களிடம் அப்படியே சொன்னேன்.

மறுபடி பூட்டி மூட்டியது

ஆறு பழைய போல்ட்டுகளில் நான்கு, எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற வைத்து, சூடு காட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி திருப்பிப் பிறகு தளர்த்தியதில் வந்தன. இரண்டு முறிந்தன; துளைத்து எடுத்தோம். தகடுகளின் சேர்மானத்தை ஈரத் துணியால் நனைத்து, உள்ளிருந்தே சிமென்ட் வைத்து, கம்பிகளைக் கையால் முறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் கொடுத்தோம். இழைகளில் கிராஃபைட் கிரீஸ். உள்ளே வெடித்திருந்த ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) இரண்டை அப்படியே விட்டேன்; துண்டு பெயர்ந்து விழாதவரை கோடு விட்ட செங்கல்லால் கெடுதல் இல்லை.

இருட்டிய பிறகு விளக்கை எல்லாம் அணைத்து, எரியும் டார்ச் ஒன்றை அடுப்புக்குள் வைத்துக் கதவை மூடினோம். நாலு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து இடுக்குகளைப் பார்த்தோம். பின் மூலையில் ஊசிமுனை அளவு ஓர் ஒளிப்புள்ளி. கண்டுபிடித்தது பெரியவர். அதையும் அடைத்தோம்.

சிமென்ட் 24 மணி நேரம் காய்ந்தது. முதல் நெருப்பு சுள்ளி மட்டும், 20 நிமிடம். பிறகு முழுவதும் ஆறவிட்டோம். மறுநாள் முக்கால் மணி நேரம். மூன்றாம் நாள்தான் கட்டை. அவசரப்பட்டால் சிமென்டில் மிச்சமிருக்கும் தண்ணீர் கொதித்துக் கொப்புளம் விட்டு, பூசியதெல்லாம் தேன்கூடு மாதிரி ஆகிவிடும். பெயின்ட் நாற்றம் இரண்டு நாள் இருந்தது. சன்னல் திறந்தே இருந்தது. ஈர விறகை ஒதுக்கிவிட்டு, வெளியிலிருந்து 17, 18 காட்டிய விறகு கொஞ்சம் வரவழைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு முறையும் மூட்டுவதற்கு முன் முழங்கை மூடி வழியாக ஒரு கசக்கிய காகிதத்தை எரித்துக் குழாயைச் சூடாக்கினோம். ஊதுபத்திப் புகை இந்த முறை கதவு விளிம்பில் நிற்கக்கூட இல்லை. சட்டென்று உள்ளே போய்விட்டது. விசிறியைப் போட்டபோது தயங்கியது, ஆனாலும் உள்ளேயே போனது. இருந்தும் அடுப்பு எரியும்போது விசிறி ஓடினால் பக்கத்துச் சன்னலைத் திறக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்கள்.

அதன் பிறகு

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று கூடத்திலும், ஒன்று பெரியவர் தூங்கும் அறையிலும் மாட்டப்பட்டன. முதல் பழுதுக்கு முன்னாலேயே இருந்திருக்கவேண்டியவை. அடுப்புக் குழாயில் காந்தத்தால் ஒட்டும் ஒரு வெப்பமானி. முள் 120க்கும் 240க்கும் இடையே நிற்கும்படி எரிக்கப் பழகிவிட்டார்கள். இரவு முழுக்கத் தணல் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டார்கள்.

நான்காவது வாரம் ஒரு காலையில் கூடத்துக் கருவி அலறியது. அடுப்பில் நெருப்பே இல்லை. என்னைக் கூப்பிட்டார்கள். வெளியே வாங்க, சன்னலைத் திறங்க என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தால், முதல் நாள் இரவுச் சாம்பலை வாரி ஒரு தகர வாளியில் போட்டு, கூடத்துக் கதவுக்கு உட்புறமே வைத்திருந்தார்கள். மேலே சாம்பல் ஆறிப்போய்த்தான் இருந்தது. கரண்டியால் கிளறினேன், அடியில் நெல்லிக்காய் அளவுத் தணல் நாலைந்து, செக்கச்செவேலென்று. சாம்பலுக்குள் புதைந்த தணல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடி போட்ட இரும்பு வாளி, வீட்டுக்கு வெளியே, மரச்சாமான் எதுவும் பக்கத்தில் இல்லாத தரையில் என்று அதையும் மாற்றினோம். அடுப்பைப் பற்றி இவ்வளவு பேசியும் சாம்பலைப் பற்றி நான் பேசவில்லை. இரண்டாவது முறையாக விட்டுப்போன கேள்வி.

விரிசலின் முனையில் சுண்ணக்கட்டியால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். குளிர்காலம் முடிந்து பார்த்தபோது விரிசல் துளையோடு நின்றிருந்தது, தாண்டவில்லை. புகைபோக்கியைத் திறந்து பார்த்ததில் கைப்பிடி அளவு பொடிக் கரி, தார் இல்லை.

எதை மாற்றிச் செய்வேன்

தொலைபேசியில் யாராவது புகை வருகிறது என்றால் இப்போது நான் கேட்கும் முதல் கேள்வி, கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா, மேலே வெளிச்சம் தெரிகிறதா என்பது. தெரியவில்லை என்றால் வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. அடுத்து விறகு, அடுத்து வீட்டில் ஓடும் விசிறி. கயிறு நான்காவது. அதுவும், பழைய கயிற்றை உலர்ந்த நிலையில் நோண்டாதீர்கள் என்று சொன்ன பிறகு. எச்சரிக்கைக் கருவி இல்லாத வீட்டில் அடுப்பை இறுக்க அடைக்கும் வேலையை நான் எடுத்துக்கொள்வதில்லை.

நீளக் கம்பிகளை எவ்வளவு முறுக்குவது என்பதையும் சொல்லிக் கொடுக்கிறேன். கைவேலை தெரிந்தவர்கள்தான் அதிகமாக முறுக்குகிறார்கள்.

இடப் பக்கத் தகட்டைப் பற்றி இன்னும் முடிவாகவில்லை. மருமகன் பெரிய அச்சு ஒன்றை மரத்தில் செதுக்கத் தொடங்கியிருக்கிறார். ஒட்டு இன்னும் இரண்டு குளிர்காலம் தாங்கும் என்பது என் கணக்கு. வார்ப்பிரும்பு விஷயத்தில் என் கணக்கை அவர் முழுதாக நம்புவதில்லை, அது நியாயம்தான். மூட்டுவதற்கு முன் கண்ணாடியைச் சாய்த்துப் பார்க்கும் வேலையைப் பெரியவர் எடுத்துக்கொண்டுவிட்டார். வேறு யாரையும் விடுவதில்லையாம்.